அசையாத விண்மீன்கள்

இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் குழந்தை ஒருமுறையாவது கேட்டுவிடும்: “நிலா ஏன் நம்ம கூடவே வருது?” சாலையோரப் புளியமரங்கள் விருட்டென்று பின்னால் ஓடுகின்றன. வயலுக்கு அப்பால் நிற்கும் பனைகள் மெதுவாக நகர்கின்றன. தூரத்து மலை அசைந்தும் அசையாமலும் கிடக்கிறது. நிலா மட்டும் விலகாமல் அதே ஜன்னலில் நிற்கிறது.

நாம் நகரும்போது பக்கத்தில் இருப்பது அதிகமாக இடம் மாறித் தெரியும், தொலைவில் இருப்பது குறைவாக மாறும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பேருந்து ஓடுகிறது என்பது குலுக்கலிலும் காற்றிலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. குலுக்கலே இல்லாத, சத்தமே இல்லாத ஒரு வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம், வெளியே நிலாவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நிலா அசையாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அது மிகமிகத் தொலைவில் இருக்கலாம். அல்லது வண்டியே ஓடாமல் நிற்கலாம்.

வானியலின் மிக நீண்ட வழக்கு இந்த ஒற்றைக் கேள்வியின்மேல்தான் நடந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால், ஜனவரியில் ஓரிடத்திலும் ஜூலையில் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் நிற்கிறோம். அப்படியானால் விண்மீன்கள் ஏன் இம்மியும் இடம் மாறித் தெரியவில்லை? இதற்குக் கண்ணால் காட்டக்கூடிய பதில் 1838இல்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்த கதையில் ஒரு பக்கம் மூடநம்பிக்கை, மறுபக்கம் கோபர்நிக்கஸும் கலிலியோவும். அந்தக் கதையில் இந்தக் கேள்வியே கிடையாது. பூமி நகரவில்லை என்று வாதிட்டவர்களில் பலர் தங்கள் காலத்தின் மிகச் சிறந்த அளவையாளர்கள். அவர்களை முட்டாள்களாகக் காட்டுவது அநியாயம் என்பதோடு, விஞ்ஞானம் எப்படி நகர்கிறது என்பதையே நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

கேள்வி மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டார்க்கஸ், சூரியன் நிலையாக இருக்க பூமி அதைச் சுற்றுகிறது என்று சொன்னார். இதைப் பற்றி அவர் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. ஆர்க்கிமிடீஸ் ஒரு நூலில் குறிப்பிட்டதால் தெரியவந்தது. விண்மீன்கள் அசையாததற்கு அரிஸ்டார்க்கஸ் வைத்த விளக்கமும் அங்கேயே இருக்கிறது: விண்மீன் கோளம் அத்தனை பெரியது, அதன் முன்னால் பூமியின் பாதை ஒரு புள்ளி. விளக்கம் சரி. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அன்று எந்த வழியும் இல்லை.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, பூமியை நடுவில் வைத்து ஒரு முழுப் பிரபஞ்சத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். கோள்கள் சில காலம் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரிவதை, வட்டத்தின் மேல் ஓடும் சிறு வட்டங்களால் விளக்கினார். கோள்களின் கூடுகள் இடைவெளியே இல்லாமல் வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. சூரியன் 1,210 பூமி ஆரத் தொலைவில், விண்மீன்கள் 20,000 பூமி ஆரத் தொலைவில். கிலோமீட்டரில் சொன்னால், பிரபஞ்சத்தின் கூரையே சுமார் 12.7 கோடி கி.மீ. உயரத்தில்தான். நமக்கும் சூரியனுக்கும் உள்ள உண்மையான தொலைவு 15 கோடி கி.மீ.! அந்தப் பிரபஞ்சத்தின் கூரை இன்றைய சூரியனைக்கூடத் தொடவில்லை.

இவ்வளவு சின்ன வீட்டுக்குள் பூமி சூரியனைச் சுற்றினால் என்ன ஆகும்? தாலமியின் எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஓராண்டில் ஒரு விண்மீன் அங்குமிங்குமாக 7 பாகை ஊசலாடவேண்டும்; 14 முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம் அது. வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். அப்படி ஓர் அசைவு இல்லை. ஆகவே பூமி நகரவில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் இந்த முடிவில் பிழை ஏதும் இல்லை.

இந்தியாவில் ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று சொல்லி, ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் உள்ளவை பின்னால் ஓடுவதுபோலத் தெரியும் என்ற உவமையையும் தந்தார். அது தற்சுழற்சி பற்றியது. சூரியனைச் சுற்றுவது பற்றி அவர் பேசவில்லை. பூமி சுழன்றால் கூட்டை விட்டுப் பறந்த பறவை எப்படித் திரும்பிவரும் என்று வராகமிகிரர் மறுத்துக் கேட்டார். ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1500 வாக்கில், கேரளத்தின் நீலகண்ட சோமயாஜி கோள்களின் கணக்கைத் திருத்தியபோது, கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் அமைப்பு ஒன்றை அடைந்தார் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய அதே அமைப்பை ஐரோப்பாவில் இன்னொருவர் 1588இல் வெளியிட்டார். அவரிடம் வருகிறேன்.

அதற்கு முன் கோபர்நிக்கஸ். 1543இல் வெளியான அவருடைய நூல் சூரியனை நடுவில் வைத்தது. அது தாலமியைவிடத் துல்லியமாகக் கோள்களின் இடத்தைச் சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வட்டத்தின் மேல் வட்டம் அவரிடமும் உண்டு. அவருடைய பலம் வேறு இடத்தில் இருந்தது. கோள்கள் பின்னோக்கி நகரும் தோற்றம் அவருடைய அமைப்பில் தானாகவே வந்துவிடுகிறது. பூமி ஒரு கோளை முந்திச் செல்லும்போது அது பின்னால் போவதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனியாக ஒரு விளக்கம் தேடவேண்டியதில்லை. விண்மீன்கள் அசையாததற்கு மட்டும் அவரும் அரிஸ்டார்க்கஸ் சொன்னதையே சொன்னார்: அவை அளவிட முடியாத தொலைவில் உள்ளன.

இந்தப் பதிலை ஏற்க மறுத்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் டைகோ பிராஹே. 1576 முதல் வென் தீவில், யுரானிபோர்க் என்று தாம் பெயரிட்ட மாளிகையில், தொலைநோக்கி இல்லாத காலத்தின் மிகப் பெரிய கருவிகளை அமைத்து, இருபது ஆண்டுகள் வானத்தை அளந்தவர். 1572இல் திடீரென்று தோன்றிய புதிய விண்மீனும் 1577இன் வால்மீனும் நிலாவுக்கு அப்பால் உள்ளவை என்று காட்டி, மாறாத வானம் என்ற பழைய நம்பிக்கையை உடைத்தவரும் இவரே. பழமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது.

ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. நம் பஞ்சாங்கக்காரர்கள் புழங்கும் அதே அளவுகள்தான். முழுநிலாவின் அகலம் சுமார் 30 கலை. டைகோவின் அளவீடுகள் 1 கலை வரை நம்பத் தகுந்தவை. அந்தத் துல்லியத்திலும் எந்த விண்மீனும் அசையவில்லை. ஆகவே கோபர்நிக்கஸ் சொல்வது சரியானால், விண்மீன்கள் சனிக்கோளைவிடக் குறைந்தது 700 மடங்கு தொலைவில் இருக்கவேண்டும் என்று டைகோ கணக்கிட்டார். சனியோடு கோள்கள் முடிந்துவிட்டன. அதற்குமேல் அத்தனை பெரிய வெறும் வெளி எதற்காக?

அவருடைய இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை. கண்ணுக்கு விண்மீன்கள் புள்ளியாகத் தெரிவதில்லை, சிறு வட்டமாகத் தெரிகின்றன. நடுத்தரமான ஒரு விண்மீனின் அகலம் சுமார் 1 கலை என்று டைகோ அளந்து வைத்திருந்தார். அவ்வளவு தொலைவில் உள்ள ஒன்று 1 கலை அகலத்துக்குத் தெரியவேண்டுமென்றால், அதன் உண்மையான பருமன் பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவதையும் விழுங்கும் அளவு இருக்கவேண்டும். ஒன்றிரண்டு அல்ல, வானத்தில் உள்ள எல்லா விண்மீன்களும் அப்படி. சூரியன் மட்டும் அவற்றின் நடுவே கடுகளவு. இது அபத்தம் என்றார் டைகோ. ஜெர்மனியின் காசலில் இருந்த கோபர்நிக்கஸ் ஆதரவாளர் ராத்மன், இறைவனின் பெருமைக்கு இவ்வளவு பெரிய படைப்பு பொருத்தமானதுதானே என்று பதில் எழுதினார். எண்களை வைத்து வாதிட்டவர் பூமி நிற்கிறது என்றவர். கடவுளைத் துணைக்கு அழைத்தவர் பூமி நகர்கிறது என்றவர். இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

டைகோவின் தீர்வு: மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றட்டும், சூரியன் பூமியைச் சுற்றட்டும். இடமாறு தோற்றச் சிக்கல் எழவே எழாது. 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளியின் பிறைகளைக் கண்டபோது தாலமியின் அமைப்பு வீழ்ந்தது. டைகோவின் அமைப்பு வீழவில்லை. அதிலும் வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது, பிறைகள் அதிலும் வரும். கலிலியோ பூமியின் நகர்ச்சிக்குத் தம்முடைய பெரிய ஆதாரமாக முன்வைத்தது கடல் ஏற்ற இறக்கத்தை. அது தவறான ஆதாரம். 1633இல் திருச்சபை அவரை மண்டியிட வைத்தது பெரும் கொடுமை, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் அன்று அவர் கையில் தீர்ப்பான ஆதாரம் இருக்கவில்லை. 1651இல் போலோனியாவின் ஜெசூட் பாதிரியார் ரிச்சியோலி பூமியின் நகர்ச்சிக்கு ஆதரவாக 49 வாதங்கள், எதிராக 77 வாதங்கள் என்று மொத்தம் 126ஐத் தொகுத்தார். அவற்றில் பலவற்றுக்குப் பதில் உண்டு என்பதையும் அவரே எழுதினார். எதிர்வாதங்களில் வலுவாக நின்றவற்றுள் ஒன்று, டைகோவின் பூதாகாரமான விண்மீன்கள்.

அந்தப் பிழையின் வேர் கண்ணிலும் கருவியிலும் இருந்தது. ஒளி ஓர் அலை. கண்மணி வழியாகவோ லென்ஸ் வழியாகவோ புகும்போது விளிம்பில் சிதறி, புள்ளியை வட்டமாக்கிவிடுகிறது. தொலைநோக்கியில் கலிலியோ அளந்த விண்மீன் வட்டங்களும் இப்படிப்பட்ட பொய்த் தோற்றங்களே. இதற்கு முழுக் கணித விளக்கத்தை இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835இல்தான் கொடுத்தார். டைகோ தவறாக அளக்கவில்லை. அவர் அளந்த பொருள்தான் அங்கே இல்லை.

அப்படியானால் உலகம் எப்படிக் கோபர்நிக்கஸ் பக்கம் சாய்ந்தது? கணக்கு பலித்ததால். டைகோ விட்டுச்சென்ற செவ்வாய்க் குறிப்புகளோடு மல்லுக்கட்டிய கெப்ளருக்கு ஒரு வட்டப்பாதை 8 கலை பிசகியது. அளந்தவர் டைகோ என்பதால் 8 கலையை அவரால் தள்ளிவிட முடியவில்லை. வட்டத்தை விட்டு நீள்வட்டத்துக்குப் போனார். 1609இல் அது நூலாக வந்தது. 1627இல் அவர் வெளியிட்ட அட்டவணைகளைக் கொண்டு, 1631 நவம்பர் 7 அன்று புதன் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைப் பாரிசில் கசாந்தி பார்த்தார். அப்போது கெப்ளர் இறந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. 1687இல் நியூட்டனின் ஈர்ப்பு விதி வந்தபின், பெரிய சூரியன் சின்ன பூமியைச் சுற்றுவது இயற்பியலில் இடமில்லாத பேச்சாகிவிட்டது. இடமாறு தோற்றம் கிடைக்காமலேயே வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

தேடல் நிற்கவில்லை. ஆனால் தேடியதன் பொருள் மாறிவிட்டது. “பூமி நகர்கிறதா?” என்பது போய், “விண்மீன் எவ்வளவு தொலைவு?” என்பது வந்தது. சாட்சியாகத் தேடப்பட்டது அளவுகோலாகிவிட்டது.

1669இல் லண்டனில் ராபர்ட் ஹூக் வீட்டுக் கூரையில் துளையிட்டு, தலைக்கு நேர்மேலே கடக்கும் டிராகோ கூட்டத்து விண்மீன் ஒன்றை நோக்கித் தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்தினார். உச்சியில் கடக்கும் விண்மீனைத் தேர்ந்தது புத்திசாலித்தனம். காற்று மண்டலம் ஒளியை வளைக்கும் தொல்லை அங்கே இல்லை. கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார், சரியில்லை. 1725 டிசம்பரில் ஜேம்ஸ் பிராட்லியும் சாமுவேல் மாலினியூவும் கியூ என்ற இடத்தில், புகைபோக்கிச் சுவரில் தொங்கவிட்ட நீண்ட தொலைநோக்கியால் அதே விண்மீனைப் பார்க்கத் தொடங்கினார்கள். விண்மீன் உண்மையிலேயே அசைந்தது! ஆனால் தவறான மாதத்தில். இடமாறு தோற்றம் என்றால் டிசம்பரில் தென்கோடியிலும் ஜூனில் வடகோடியிலும் இருக்கவேண்டும். இதுவோ மார்ச்சில் தென்கோடி, செப்டம்பரில் வடகோடி; மொத்த ஊசல் சுமார் 40 விகலை.

பிராட்லி பல மாதங்கள் குழம்பினார். தேம்ஸ் ஆற்றில் படகில் போகும்போது, காற்று மாறாமலே படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்மரத்து உச்சியில் இருந்த காற்றுக்கொடி திசை மாறியதைக் கண்டு பொறி தட்டியது என்று சொல்வார்கள். நமக்குக் குடை போதும். நேராகப் பெய்யும் மழையில் நின்றால் குடையை நேராகப் பிடிக்கிறோம்; நடந்தால் முன்பக்கம் சாய்க்கிறோம்; திரும்பி நடந்தால் எதிர்ப்பக்கம் சாய்க்கிறோம். விண்மீனிலிருந்து வரும் ஒளியே மழை, தொலைநோக்கியே குடை. பூமி நொடிக்கு சுமார் 30 கி.மீ. ஓடுகிறது, ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ.; விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று. அந்தச் சாய்வுதான் 20 விகலை. ஒளிப்பிறழ்ச்சி என்று இதைச் சொல்கிறோம். பூமி நகர்கிறது என்பதற்கு வானத்தில் கிடைத்த முதல் நேரடிச் சான்று இதுதான், தேடப்போனது இது இல்லை என்றாலும். இடமாறு தோற்றம் 1 விகலை இருந்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும் என்றார் பிராட்லி. அப்படியென்றால் விண்மீன்கள் சூரியனைவிடக் குறைந்தது 2 லட்சம் மடங்கு தொலைவில். டைகோ அபத்தம் என்று ஒதுக்கிய வெறும் வெளி, அவர் அஞ்சியதைவிடவும் பல மடங்கு பெரியது.

அடுத்த நூறாண்டுத் தோல்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். ஒன்று மட்டும்: வில்லியம் ஹெர்ஷல், இடமாறு தோற்றத்தைப் பிடிப்பதற்காக ஒட்டினாற்போல் தெரியும் இரட்டை விண்மீன்களை நூற்றுக்கணக்கில் பட்டியலிட்டார். முன்னால் இருப்பது அசையும், பின்னால் இருப்பது அசையாது என்பது திட்டம். 1803இல் அவர் கண்டது வேறு: பல இரட்டைகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சுற்றுகின்றன.

வெற்றி 1830களில் மூன்று இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தது. கோனிக்ஸ்பெர்கில் இருந்த பெஸ்ஸல் தேர்ந்தெடுத்தது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் 61 சிக்னி என்ற விண்மீனை. பிரகாசமாக இருப்பதுதான் அருகில் இருக்கும் என்ற எண்ணத்தை அவர் விட்டார். அந்த விண்மீன் தன் சொந்த ஓட்டத்தால் ஆண்டுக்கு 5 விகலைக்கு மேல் வானத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. வேகமாக நகர்வது அருகில் இருக்கவேண்டும், பேருந்து ஜன்னலின் புளியமரம்போல. இளமையில் பிரேமனில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதப் பழகியவர் அவர். ஃபிரான்ஹோஃபர் வடிவமைத்த, லென்ஸை இரண்டாக வெட்டி நகர்த்தி அளக்கும் ஹீலியோமீட்டரால் 1837 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு மேல் இரவிரவாக அளந்தார். 1838இல் விடை: 0.314 விகலை. பத்து ரூபாய் நாணயத்தை ஏறக்குறைய 18 கி.மீ. தள்ளி வைத்துப் பார்க்கும் அளவு. தொலைவு 10 ஒளியாண்டுக்குச் சற்று மேல். இன்றைய கணக்கு 11.4. டோர்பாட்டில் ஸ்ட்ரூவே, நாம் அபிஜித் என்று சொல்லும் வேகாவை அளந்தார்.

மூன்றாமவர் தாமஸ் ஹெண்டர்சன். வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். நன்னம்பிக்கை முனையில் 1832-33இல் ஆல்ஃபா சென்டாரியை அளந்தார். பெஸ்ஸலுக்கு முன்பே தரவு அவர் கையில் இருந்தது. தம் கருவியின்மேல் ஐயப்பட்டுத் தயங்கியதால், 1839 ஜனவரியில்தான் வெளியிட்டார். இந்த விண்மீனுக்கும் நம் கரைக்கும் ஓர் உறவு உண்டு. அது ஒன்றல்ல, இரண்டு என்பதை 1689 டிசம்பரில் கண்டவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். புதுச்சேரியில், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. மே மாதக் கடைசியில் இரவு பத்து மணிவாக்கில் கடற்கரையில் நின்று நேர் தெற்கே தாழ்வாகப் பார்த்தால் இன்றும் தெரியும்.

கோபர்நிக்கஸின் நூலைத் திருச்சபை தன் தடைப் பட்டியலிலிருந்து அச்சில் நீக்கியது 1835இல். பெஸ்ஸலின் அளவீடு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

அதன்பின் வந்தவை எல்லாம் இந்த முதல் படியின்மேல் கட்டியவை. 1912இல் ஹார்வர்டில் ஹென்ரியட்டா லீவிட், ஒளி கூடிக் குறையும் சீஃபிட் வகை விண்மீன்கள் எவ்வளவு மெதுவாகத் துடிக்கின்றனவோ அவ்வளவு பிரகாசமானவை என்று காட்டினார். அருகில் உள்ளவற்றின் தொலைவு தெரிந்தால் தூரத்தில் உள்ளவற்றை ஒளியை வைத்தே கணக்கிடலாம். 1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் வானாய்வகத்தில் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா என்ற சுருள் வடிவ ஒளித்திட்டில் அப்படியொரு விண்மீனைக் கண்டார். கிடைத்த தொலைவு சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, உண்மையில் 25 லட்சம். எப்படிப் பார்த்தாலும் நம் பால்வெளிக்கு வெளியே. அதற்குச் சற்று முன்வரை, ஆண்ட்ரோமெடா போன்ற சுருள்கள் பால்வெளிக்குள்ளேயே உள்ளவை என்று வானியலாளர் ஷாப்லி வாதிட்டுவந்தார். அவருக்குத் துணை நின்றது, சுருள்கள் சுழல்வதைக் கண்ணால் அளந்துவிட்டதாக வான் மானன் சொன்ன அளவீடுகள். அவர் அளந்த பொருளும் அங்கே இல்லை.

2013 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம், 2022இல் வெளியிட்ட பட்டியலில் 140 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு தோற்றத்தைத் தந்தது. பிராட்லியின் ஒளிப்பிறழ்ச்சியும் கையாவின் அளவீடுகளில் திரும்பி வந்தது: குவாசர்கள் எனப்படும், விண்மீன்போலத் தெரியும் மிகத் தொலைதூர ஒளிமையங்கள் ஆண்டுக்கு ஒரு விகலையின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு நகர்ந்து தெரிவதிலிருந்து, சூரியனே பால்வெளியைச் சுற்றி வளைந்து ஓடுவதை அளந்தார்கள்.

2020 ஏப்ரலில், புளூட்டோவையும் தாண்டிப் போய்விட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் தன் கேமராவை பிராக்சிமா சென்டாரியின் பக்கம் திருப்பியது. ரிஷோ கண்ட இரட்டையின் மூன்றாம் துணை அது. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன், 4.24 ஒளியாண்டு. அப்போது விண்கலம் பூமியிலிருந்து கிட்டத்தட்ட 700 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. அதே நாட்களில் பூமியிலிருந்தும் அந்த விண்மீனைப் படமெடுத்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பின்னணி விண்மீன்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிராக்சிமா மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது. ஹீலியோமீட்டர் வேண்டாம், ஒரு குழந்தைகூட விரல் வைத்துக் காட்டிவிடும்.